138 ஆண்டுகள் மறைந்திருந்த குருவி

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தில்லை மரத்தால் வந்தது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அந்த மரத்தைக் காடாகக் காண வேண்டுமானால் ஊருக்குள் தேடிப் பயனில்லை. கிழக்கே பிச்சாவரம் போக வேண்டும். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே, கால்வாய்களும் திட்டுகளுமாக ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கிறது இந்த அலையாத்திக் காடு. சுரபுன்னையும் கண்டலும் நீரோரமாக நிற்க, சற்று மேடான இடங்களில் தில்லை வளர்கிறது. 2022 ஆம் ஆண்டு பிச்சாவரம் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அங்கே படகில் செல்பவர்கள் கொக்கையும் நாரையையும் மீன்கொத்தியையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். கண்ணில் படாத ஒரு விருந்தாளியும் அங்கு உண்டு. ஆவணி, புரட்டாசி வாக்கில் வந்து, சித்திரையில் திரும்பிப் போய்விடும். அடர்ந்த புதருக்குள்ளிருந்து, இரண்டு கூழாங்கற்களை ஒன்றோடொன்று தட்டினாற்போல் 'டக், டக்' என்று ஓர் ஒலி கேட்கும். தலையை நீட்டிப் பார்த்தால் இலை அசையும், பறவை தெரியாது. பொறுமையாக நின்றால், சிட்டுக்குருவியை விடச் சிறிய, மண்ணும் புல்லும் கலந்த நிறமுடைய ஒரு குருவி ஒரு நொடி வெளியே வந்து ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு மீண்டும் மறைந்துவிடும். இதுதான் பிளைத் நாணல் கதிர்க்குருவி. பிச்சாவரத்தில் மட்டுமல்ல, கொள்ளிடக் கரை, வெள்ளாற்றங்கரை, கடலூரில் கெடிலத்தின் ஓரப் புதர்கள், ஏன், வீட்டு வேலியில்கூட இதன் குரலைக் கேட்கலாம். பின்லாந்து முதல் சைபீரியா வரையுள்ள நாடுகளில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் காலத்தைக் கழிக்க நம் நாட்டுக்கு வருகிறது. எடை பத்துப் பன்னிரண்டு கிராம். நம் ஊரில் வந்து தங்கும்போது அது பாடுவதில்லை என்றே சொல்லலாம். இங்கே அதற்கு வேலை பூச்சி தின்பது மட்டுமே.

நாம் சொல்ல வந்தது இந்தக் குருவியின் கதையன்று. இதைப் போலவே உருவமும் நிறமும் கொண்ட, ஆற்றோரப் புதர்களையே நம்பி வாழும் இதன் நெருங்கிய உறவினம் ஒன்றின் கதை. பெரிய அலகு நாணல் கதிர்க்குருவி என்பது அதன் பெயர். உலகில் அப்படி ஒரு பறவை இருக்கிறதா இல்லையா என்பதே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் வழக்காக இருந்தது. அந்த வழக்கின் முதல் சாட்சி நம் நாட்டு ஆறு ஒன்றின் கரையில் கிடைத்தது.

1867 ஆம் ஆண்டு நவம்பர் 13. இமயமலையில் சட்லெஜ் பள்ளத்தாக்கில், இன்றைய இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த ராம்பூர். அங்கே ஆலன் ஆக்டேவியன் ஹியூம் ஒரு சிறு பறவையைப் பெற்று, தோலுரித்துப் பதப்படுத்தி, சீட்டு எழுதிக் கட்டி வைத்தார். ஹியூம் என்றதும் வாசகர்களுக்கு 1885 இல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபை நினைவுக்கு வரும். அந்த ஹியூம்தான் இவரும். பள்ளிப் பாடத்தில் அவருடைய இன்னொரு முகத்தை நாம் படிப்பதில்லை. இந்தியப் பறவைகளைப் பற்றி அவரளவுக்குச் சேகரித்தவர் அக்காலத்தில் வேறு எவருமில்லை.

அவர் வகித்த பதவியும் வேடிக்கையானது. அந்த 1867 ஆம் ஆண்டில்தான் உள்நாட்டுச் சுங்க ஆணையர் பொறுப்பை ஏற்றார். உப்பு வரி ஏய்க்கப்படாமலிருக்க ஆங்கில அரசு சிந்து நதிப் பக்கத்திலிருந்து ஒரிசா வரை ஒரு காவல் எல்லை அமைத்திருந்தது. அந்த எல்லையின் பெரும் பகுதியில் முள்வேலி வளர்க்கப்பட்டது. கருவேலும் இலந்தையும் கள்ளியுமாக ஆள் நுழைய முடியாத உயிர்வேலி. ஏழையின் கஞ்சிக்கு உப்பு எட்டாமல் செய்த அந்த வேலியை வளர்த்துக் காத்தவர்களில் ஹியூம் ஒருவர் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1879 இல் வேலி கைவிடப்பட்டது.

ராம்பூர்ப் பறவைக்கு வருவோம். அதைப் பார்த்த ஹியூம் முதலில் அதனை வேறொரு கதிர்க்குருவி இனத்தில் வைத்து, 1869 இல் விவரித்தார். அலகு பெரிதாக இருந்ததால் 'பெரிய அலகுடையது' என்ற பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார். 1871 இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டு நாணல் கதிர்க்குருவிகளின் இனத்தில் சேர்த்தார். சேர்த்தது சரி, பெயரில் ஒரு சிக்கல் முளைத்தது. அதே பெயர் வேறொரு நாணல் கதிர்க்குருவிக்கு ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது. ஒரே இனத்தில் இரண்டு உயிர்களுக்கு ஒரே பெயர் இருத்தலாகாது என்பது உயிரியல் பெயரீட்டு விதி. எனவே 1905 இல் ஓபர்ஹோல்சர் என்ற அமெரிக்கப் பறவையியலார் 'அக்ரோசெபாலஸ் ஒரினஸ்' என்று மாற்றுப் பெயர் தந்தார். 'ஒரினஸ்' என்றால் மலைக்குரியது. ஆக, ஒரு பறவைக்கு மூன்று பெயர்கள் வந்துவிட்டன. பறவையோ அந்த ஒன்றுதான்!

ஒரே ஒரு தோலை வைத்துக்கொண்டு ஒரு இனம் உண்டென்று சொல்வது எப்படி? பிற்காலப் பறவை நூலார் சிலர் இதை ஏற்கவில்லை. அலகு நீண்டுபோன ஒரு பிளைத் குருவியாக இருக்கலாம் என்றார்கள் சிலர். பெரிய நாணல் கதிர்க்குருவியின் உருவம் மாறிய பிள்ளையாக இருக்கலாம் என்றார்கள் வேறு சிலர். நாணல் கதிர்க்குருவிகளை இனம் பிரிப்பது எளிதன்று. எல்லாம் ஒரே பழுப்பு. புருவக் கோட்டின் நீளம், சிறகின் இறகுகளில் எது எதைவிட நீளம், கால் நகத்தின் அளவு என்று மில்லிமீட்டர் கணக்கில் அளந்து பார்க்க வேண்டும். நானும் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு கொள்ளிடக் கரையில் ஒரு காலைப் பொழுதைக் கழித்திருக்கிறேன். ஒரு குருவியின் வாலையும், இன்னொரு குருவியின் முதுகையும் பார்த்ததே அன்றைய ஊதியம்.

இதற்கிடையே அந்தத் தோல் கடல் கடந்துவிட்டது. ஹியூம் இருபத்தைந்து ஆண்டுகளாக எழுதி வைத்திருந்த பறவைக் குறிப்புகள் சிம்லாவில் அவருடைய மாளிகையில் இருந்தன. அவர் இல்லாத சமயத்தில் ஒரு வேலைக்காரர் அந்தக் காகிதக் கட்டுகளைக் கடைவீதியில் பழைய காகிதமாக எடைக்குப் போட்டுவிட்டார். எந்தக் கடையில் எந்தச் சரக்கைப் பொட்டலம் கட்ட அவை பயன்பட்டனவோ! மனம் உடைந்த ஹியூம், இந்தியப் பறவைகளைப் பற்றித் தாம் எழுத எண்ணியிருந்த பெருநூலைக் கைவிட்டார். தம் சேகரத்தைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். 1885 இல் லண்டனிலிருந்து பௌட்லர் ஷார்ப் என்பவர் நேரில் வந்து, தோல்களும் முட்டைகளுமாக ஏறத்தாழ 82,000 பொருள்களைப் பெட்டிகளில் அடுக்கிக் கொண்டு போனார். ராம்பூர்க் குருவியும் அவற்றோடு போயிற்று. இன்று அது லண்டனுக்கு வடக்கே டிரிங் என்ற சிற்றூரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் இருக்கிறது.

நம் நாட்டுப் பறவையைப் பற்றி ஆராய நம் நாட்டு மாணவர் இங்கிலாந்துக்குப் போகவேண்டிய நிலை எனக்கு உவப்பானதன்று. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தோல் பத்திரமாக இருந்திராவிட்டால் கதையின் அடுத்த பகுதி நடந்திருக்காது.

2002 இல் ஸ்வீடன் நாட்டு லுண்ட் பல்கலைக் கழகத்தின் ஸ்டாஃபன் பென்ஷும், பறவையியலார் டேவிட் பியர்சனும் அந்தத் தோலை மீண்டும் ஆராய்ந்தார்கள். இம்முறை அளவுகோலோடு வேறொரு கருவியும் கையில் இருந்தது, அதுதான் டி.என்.ஏ. உயிரணுவுக்குள் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணுறுப்புகள் உள்ளன. அவற்றுக்கெனத் தனியே டி.என்.ஏ. உண்டு. ஓர் அணுவில் இதன் பிரதிகள் மிகப் பல இருப்பதால், நூறாண்டு பழைய காய்ந்த தோலின் சிறு துணுக்கிலும் இது ஓரளவு மிஞ்சியிருக்கும். அந்த மிச்சத்தைப் பல மடங்கு பெருக்கி, மற்ற இனங்களின் டி.என்.ஏ.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். தீர்ப்பு ஐயத்துக்கு இடமில்லாமல் வந்தது. இது பிளைத் குருவியன்று, பெரிய நாணல் கதிர்க்குருவியுமன்று, தனி இனம். ஹியூம் சொன்னது சரிதான்!

அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். இந்தப் பறவையின் சிறகு குட்டையாகவும் நுனி உருண்டும் இருக்கிறது. நெடுந்தூரம் வலசை போகும் பறவைகளுக்குச் சிறகு நீண்டு கூர்மையாக இருப்பது வழக்கம். ஆகவே இது ஓரிடத்திலேயே தங்குவதாக அல்லது சிறு தொலைவே செல்வதாக இருக்கலாம் என்று கருதினார்கள். நியாயமான ஊகம்தான். பறவைதான் அதற்குக் கட்டுப்படவில்லை.

2006 மார்ச் 27. தாய்லாந்தில், பாங்காக்குக்குத் தென்மேற்கே பெட்சபுரி மாநிலத்தின் கடலோரத்தில், லேம் பாக் பியா என்ற இடத்தில் கழிவுநீரைக் குட்டைகளில் தேக்கித் தூய்மை செய்யும் ஒரு திட்டம் இருக்கிறது. அதைச் சுற்றிலும் அலையாத்தி மரங்கள். நம் பிச்சாவரத்தைப் போன்ற சூழல் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே பிலிப் ரவுண்ட் என்ற பறவையியலார் மெல்லிய நைலான் வலை கட்டிப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விடுவது வழக்கம். அன்று வலையில் விழுந்தவற்றுள் ஒன்று பிளைத் குருவியைப் போலிருந்தது. ஆனால் அலகு நீளம், சிறகு குட்டை. அவருக்குப் பொறி தட்டியது. படம் எடுத்தார், அளந்தார், இரண்டு இறகுகளை எடுத்துக்கொண்டு வளையமிட்டுப் பறக்கவிட்டார். இறகுகள் ஸ்வீடனுக்குப் போயின. அங்கே பென்ஷ் ராம்பூர்க் குருவியின் டி.என்.ஏ.யோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்று!

ஹியூமின் கைக்கு வந்த நாளிலிருந்து 138 ஆண்டுகளும் நான்கு மாதங்களும் கழித்து, அந்த இனத்தின் உயிருள்ள பறவை ஒன்று இன்னதென்று அறியப்பட்டது. முதலாவது துப்பாக்கிக் காலத்தது, மற்றது இறகுக் காலத்தது. ஒரு பறவையைக் கொல்லாமலே அதன் குலத்தை அறிய முடியும் என்பதை இந்த இரண்டு தேதிகளைக் காட்டிலும் தெளிவாகச் சொல்ல முடியாது.

அதன்பின் கதை வேகம் பிடித்தது. ஒரு திருட்டுப் பொருள் அகப்பட்டால் காவலர் பழைய வழக்குகளைப் புரட்டுவது போல, பறவையியலார் அருங்காட்சியக இழுப்பறைகளைப் புரட்டத் தொடங்கினார்கள். டிரிங்கிலேயே பிளைத் குருவிகளின் தட்டில், 1869 இல் இந்தியாவில் பெறப்பட்ட இன்னொரு பெரிய அலகுக் குருவி தவறான சீட்டோடு படுத்திருந்தது. 2008 இல் லார்ஸ் ஸ்வென்சன், பமேலா ராஸ்முசன் முதலியோர் மேலும் பத்துத் தோல்களைக் கண்டெடுத்ததாக வெளியிட்டார்கள். இவற்றில் மத்திய ஆசியாவில் கோடையில் கிடைத்தவையும் இருந்தன. கோடையில் ஒரு வலசைப் பறவை இருக்குமிடம் அது கூடு கட்டும் இடமாகவே இருக்கும். ஆகவே தேடவேண்டிய திசை தெரிந்துவிட்டது: ஆப்கானிஸ்தான், தாஜிக்கிஸ்தான் பக்கத்து மலைகள். 'காணாமற்போன' பறவை நூறாண்டுகளாகப் பெரிய பெரிய அருங்காட்சியகங்களிலேயே இருந்திருக்கிறது! காணாமற்போனது அதன் பெயர்தான்.

அதே 2008 இல், பறவை எதுவென்று தெரியாமலே அதன் பாட்டைக் கேட்டுவிட்டார் ஒருவர். ஆப்கானிஸ்தானின் வடகிழக்கு மூலையில் வாகான் என்ற ஒடுங்கிய நிலப் பகுதி ஒரு விரலைப் போல நீண்டிருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ருஷ்யப் பேரரசும் பிரிட்டிஷ் இந்தியாவும் ஒன்றையொன்று தொடாமலிருக்க வகுத்துக்கொண்ட இடைவெளி அது. அதன் ஓரத்தில் பஞ்ச் ஆறு ஓடுகிறது. ஆமூ தாரியாவின் மேல்பகுதி இது. அங்கே வனவிலங்குப் பாதுகாப்புக் கழகம் என்ற அமைப்புக்காகக் கணக்கெடுக்கச் சென்ற ராபர்ட் டிம்மின்ஸ், ஆற்றோரப் புதர்களில் பாடிய ஒரு குருவியின் பாட்டைப் பதிவு செய்தார். பின்னர் டிரிங் சென்று தோல்களோடு ஒப்பிட்டபோதுதான் அவருக்கு ஐயம் எழுந்தது. 2009 இல் அந்தக் கழகத்தின் ஆப்கானிய ஆய்வாளர்கள் அதே இடத்துக்குப் போய், பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட்டு வலை கட்டினார்கள். தன் எல்லைக்குள் வேறோர் ஆண் குருவி வந்துவிட்டதாக எண்ணிச் சீறி வந்த பறவைகள் வலையில் விழுந்தன. ஏறத்தாழ இருபது! உலகம் முழுவதும் அதுவரை உயிரோடு கையில் பிடித்துப் பார்க்கப்பட்டவை மிகச் சிலவே என்பதை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் அளந்து, இறகு எடுத்து, பறக்கவிட்டார்கள். டி.என்.ஏ. சான்றும் பொருந்தியது. ஆற்றின் மறுகரையான தாஜிக்கிஸ்தானிலும் அது கூடு கட்டுவது விரைவில் உறுதியாயிற்று.

போரால் உருக்குலைந்த ஒரு நாட்டின் இளைஞர்கள் செய்த பணி இது. துப்பாக்கி ஓயாத காலத்தில் குருவி என்ன, பாட்டு என்ன என்று கேட்பவர்கள் இருக்கலாம். அந்த இளைஞர்கள் அப்படிக் கேட்கவில்லை. 2010 இல் ஆப்கானிய அரசு இந்தக் குருவியைப் பாதுகாக்கப்பட வேண்டிய உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. 2014 இல் வாகான் முழுவதும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இனி அதன் வீட்டைப் பார்ப்போம். பாமீர் மலைகளின் நடுவே நிலம் பெரும்பாலும் வறண்ட கல்லும் மணலும்தான். ஆறு ஓடும் இடத்தில் மட்டும், இரு கரையிலும் பச்சை நாடாவைப் போலப் புதர்கள் அடர்ந்திருக்கும். காற்றாடி மரத்தைப் போன்ற மெல்லிய கிளைகளையுடைய வில்லோ மரங்கள், முள்ளும் செம்மஞ்சள் பழமும் உடைய கடல்முள் செடிகள் ஆகியவையே பெரும்பாலும். குருவிக்குத் தேவையான பூச்சியும் மறைவும் கூட்டுக்கு இடமும் அந்த நாடாவுக்குள்தான் இருக்கின்றன. நாடாவை விட்டுப் பத்தடி விலகினால் அதற்கு உலகமில்லை.

அங்கே வாழும் மனிதனுக்கும் அந்த நாடாவைத் தவிர வேறு விறகு இல்லை. பனிக்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே போகும் ஊர் அது. அடுப்புக்கு வெட்டுவது ஒருபுறம், ஆடுமாடுகள் மேய்வது ஒருபுறம், கழனிக்காகத் திருத்துவது ஒருபுறம். வெட்டுகிறவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குளிரில் குழந்தையை வைத்துக்கொண்டு எவரும் குருவிக்காக அடுப்பை அணைக்கமாட்டார். வேறு எரிபொருள் கிடைத்தால்தான் புதர் பிழைக்கும். இதே ஆறு கீழே போய் ஆமூ தாரியாவாகி, பருத்திப் பாசனத்துக்காக வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிக்கப்பட்டதால் 1960 களிலிருந்து ஏரல் கடல் வற்றிய கதை உலகறிந்தது. அந்த ஆற்றோரக் காடுகளும் அதோடு பெருமளவில் அழிந்தன.

குளிர் தொடங்குவதற்கு முன் குருவிகள் மலையை விட்டு இறங்கி, வட இந்தியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் வருகின்றன. வாகானிலிருந்து தாய்லாந்தின் அந்தக் கடலோரம் வரை நேர்கோட்டில் அளந்தாலே 3,500 கிலோமீட்டருக்கு மேல். குட்டைச் சிறகு நெடுந்தூரம் போகாது என்ற ஊகம் இவ்வாறு பொய்த்தது. ராம்பூரில் ஹியூம் கண்டதும் இத்தகைய பயணத்தில் இருந்த பறவையாகவே இருக்கலாம். அந்த ராம்பூர்ப் பக்கத்தில் இன்று சட்லெஜ் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் போகிறது. 1,500 மெகாவாட் திறனுடைய நாத்பா ஜாக்ரி மின்திட்டத்தின் மின்நிலையம் அருகில்தான் இருக்கிறது.

ஆற்றோரப் புதர் போனால் பாட்டுக்குருவி போகும் என்பதற்கு அமெரிக்காவிலும் ஒரு சான்று உண்டு. கலிபோர்னியாவின் தென்பகுதியில் 'பெல் விரியோ' என்ற வலசைக் குருவியின் ஒரு வகை, ஆற்றங்கரை வில்லோப் புதர்களில் கூடு கட்டும். அணைகளும் கழனிகளும் நகரங்களும் அந்தப் புதர்களை விழுங்கின. போதாததற்கு, நம் குயிலைப் போல அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் 'கௌபேர்டு' என்ற பறவை பெருகி அதன் குஞ்சுகளைப் பட்டினி போட்டது. 1986 இல் அரசு அதை அழிவின் விளிம்பிலுள்ள உயிராக அறிவித்தபோது சுமார் 300 இணைகளே மிஞ்சியிருந்தன. கரைகளில் மீண்டும் வில்லோ வளர்த்தார்கள். கௌபேர்டுகளைப் பொறி வைத்துப் பிடித்தார்கள். இருபதே ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்து மடங்காயிற்று. வில்லோ விரைவில் வளரும் மரம். மூன்று நான்கு ஆண்டுகளில் குருவி கூடு கட்டத் தக்க புதராகிவிடும். ஆற்றோரப் பறவைகளின் வாழ்வில் நம்பிக்கை தரும் செய்தி இது. பழைய காடு திரும்ப நூறாண்டு வேண்டும். ஆற்றுப் புதருக்கு அவ்வளவு வேண்டாம்.

நம் கடலூர் மாவட்டத்து ஆறுகளைப் பற்றியும் ஒரு சொல். பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய நான்கும் இங்கே கடலைத் தேடி வருகின்றன. மேலே பெய்த மழையெல்லாம் இந்த மாவட்டத்தின் வழியாகத்தான் வடியவேண்டும். 2015 வெள்ளத்தையும் 2024 டிசம்பரில் பெண்ணையாறு பெருகியதையும் கடலூர் மக்கள் மறக்கமாட்டார்கள். வெள்ளம் வடிந்ததும் ஆற்றில் மண்டிய நாணலையும் கோரையையும் முட்புதரையும் அகற்று என்ற குரல் எழுவது இயல்பு. நீர் தடையின்றி ஓட வேண்டும் என்ற பொறியாளரின் கவலை பொய்யன்று. ஆனால் இயந்திரத்தை இறக்கி இரு கரையையும் வழித்தெடுத்தால், கரை மண்ணைப் பிடித்திருந்த வேரும் போகிறது. வந்திறங்கும் பத்துக் கிராம் விருந்தாளிக்கு இடமும் போகிறது. நீரோட்டத்தின் நடுவே நிற்கும் புதர் வேறு, கரைமேல் நிற்கும் புதர் வேறு. இந்த வேறுபாட்டை வேலையைக் கண்காணிப்பவர் அறிந்திருந்தால் பாதிக் கவலை தீரும்.

இதே கரையோரமாகத் தெற்கே போனால் கோடியக்கரை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலியின் தலைமையில் 1959 இல் தொடங்கிய வலசை ஆராய்ச்சியில் வளையமிடும் முக்கியமான இடங்களில் அதுவும் ஒன்றாயிற்று. அங்கே பறவைகளின் காலில் மாட்டும் அலுமினிய வளையத்தில் அந்தக் கழகத்தின் பெயரும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். வலையில் விழும் நாணல் கதிர்க்குருவிகளைப் 'பிளைத்' என்று எழுதுமுன் அலகையும் நகத்தையும் சிறகு நுனியையும் இன்னொரு தரம் அளந்து பார்ப்பது, 2006 க்குப் பிறகு ஆசியாவெங்கும் பறவை பிடிப்போரின் வழக்கமாகிவிட்டது. ஐயம் வந்தால் ஓர் இறகு போதும்.

பிச்சாவரத்துக்கோ கொள்ளிடக் கரைக்கோ போகிற மாணவர்கள் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் போகலாம். பேசாமல், அசையாமல், ஒரு புதரின் எதிரே அரை மணி உட்கார்ந்தால் 'டக், டக்' என்ற ஒலி கேட்கும். கேட்ட தேதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சித்திரையில் அந்த ஒலி எந்த நாளோடு நின்றுபோகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹியூமின் குறிப்புகளைப் போல அவை எடைக்குப் போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.